கடல் இல்லாத கோரமண்டல்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து எழுதுவது

என் அன்பு மகள் பியூலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை டைட்டஸும் என் தங்கக்கட்டி ஜூடித்தும் நன்றாக இருக்கவேண்டும் என்று உங்கள் மூன்று பேர் பெயரையும் ஜெபத்தில் சொல்லாமல் நான் காலையில் காப்பி டம்ளரைத் தொடுவதில்லை. அப்பாவுக்கு டிசம்பர் குளிர் ஆரம்பித்ததிலிருந்து மூச்சு இழுக்கிறது, சுரங்கத்துத் தூசி இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சை விட்டுப் போவேனா என்கிறது, டாக்டரும் அதே பழைய பாட்டுதான், குளிரில் வெளியே போகாதே, புகை பக்கம் நிற்காதே, விமானத்தைப் பற்றி நினைக்கவே நினைக்காதே. எனக்கு வழக்கம்போல் கால் வீக்கம், அதை விடு. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் போதும், "சரிம்மா, சரிம்மா, டென்ஷன் ஆவாதம்மா" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், தலைகீழாக வந்தால் போனைத் திருப்பிவைத்துப் படித்துக்கொள்.

நீங்கள் ரெண்டு வயசுப் பிள்ளையைக் காரில் போட்டுக்கொண்டு கடலோரமாக ஊர் சுற்றப் போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா சொல்லாதே என்றார், "பாவம் கொழந்த, மனசு கஷ்டப்படுவா" என்றார். நான் சொல்லாவிட்டால் சர்ச் வாட்ஸப் குரூப்பில் யாராவது "வெல்கம் ஹோம் பியூலா" என்று உனக்குப் பூ போட்டு அனுப்புவார்கள், நீ திருதிருவென்று முழிப்பாய். அதனால் என் வாயாலேயே கேட்டுக்கொள்.

போன மாதக் கடைசியில் ஏதோ கடையில் நின்றுகொண்டு போன் பண்ணினாயே, லைன் விட்டு விட்டு வந்தது. "கிறிஸ்மஸ் லீவுல கோரமண்டல் போறோம்மா, பாப்பாவ கூட்டிக்கினு, கார்லயே, ரோடு ட்ரிப்பு" என்றாய். அதற்குப் பிறகு கொரகொரவென்று சத்தம், அப்புறம் கட். நீயே சொல்லு, எனக்குத் தெரிந்து உலகத்தில் எத்தனை கோரமண்டல் இருக்க முடியும்? நான் வாழ்க்கைப்பட்டு வந்தது இந்தக் கோரமண்டல், நீ பிறந்தது இந்தக் கோரமண்டல், பெங்களூர் ரயிலுக்கு நீ தினமும் ஓடியது இந்தக் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு. மகள் வருகிறாள், விமானத்தில் இறங்கிப் பெங்களூரிலிருந்து காரில் வருகிறாள், அதைத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரோடு ட்ரிப் என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நீ "வரோம்" என்று சொல்லவில்லை, "போறோம்" என்றுதான் சொன்னாய். அந்த ஒரு சொல்லைக் காது கேட்டது, மனசு வாங்கவில்லை.

அப்புறம் இந்த வீடு பட்ட பாட்டைக் கேள். அப்பா அன்றைக்கு மத்தியானமே ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கிவந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். ஆளை வைத்துச் செய்யலாம், உங்களுக்கு மூச்சு வாங்கும் என்றால், "என் பேத்தி வர ரூமுக்கு எவனோ ஒருத்தன் வந்து அடிக்கணுமா? தா, நீ போய் உன் வேலைய பாரு" என்று என்மேல் பாய்ந்தார். பின்வாசல் படி செங்குத்தாக இறங்கும், கீழே துணி துவைக்கிற கல், பிள்ளை உருண்டால் மண்டை உடையும் என்று பழைய கட்டில் பலகையை அறுத்து ஒரு குட்டிக் கதவு செய்து படிக்கு முன்னால் பொருத்தினார். வீடியோவில் பாப்பாவை நாற்காலி பக்கத்தில் நிற்கவை, நிற்கவை என்று உன்னைத் தொந்தரவு பண்ணினாரே, கவுன் பார்க்கிறார் என்றுதானே நினைத்தாய்? அவள் எவ்வளவு உயரம் என்று பார்த்தார். கதவு அவள் கழுத்து மட்டத்துக்கு இருந்தால் எட்டியும் பார்க்கலாம், ஏறிக் குதிக்கவும் முடியாது என்பது அவர் கணக்கு. பக்கத்து வீட்டு வெங்கடம்மா சும்மா இருப்பாளா, ராகியை முளைகட்டி வறுத்து அரைத்து மாவு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பாரின் புள்ள, இது துன்னுமா லூயிசம்மா?" என்று அவளும் கவலைப்பட்டாள். சர்ச்சில் சொன்னேன், பாஸ்டர் மைக்கிலேயே சொல்லிவிட்டார், சண்டே ஸ்கூல் நாடகத்தில் ஜூடித்துக்கு ஆட்டுக்குட்டி வேஷம் என்று முடிவாகி நான் பஞ்சு வைத்துத் தைத்தும் முடித்துவிட்டேன்.

விமான நிலையத்துக்கு வண்டி பேசலாம் என்று டாக்சி விநாயக்கைக் கூப்பிட்டால், "ஃப்ளைட்டு எப்போ ஆன்ட்டி?" என்று கேட்டான். அதற்குத்தான் உனக்குப் போன் பண்ணி எந்த வழியாகப் பயணம் என்று மெதுவாகக் கேட்டேன். நீ "தேம்ஸ் வழியாம்மா" என்றாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "தேம்ஸுன்னா லண்டனாச்சே, லண்டன சுத்திக்கினு இன்னாத்துக்கு வராங்க, டிக்கெட்டு கிடைக்கலியா?" என்று என் காதில் முணுமுணுத்தார். நீ பாட்டுக்கு, "தேம்ஸுல இருந்து கடல ஒட்டியே ரோடும்மா, ஒரு பக்கம் பூரா தண்ணிதான், கோரமண்டல் வரைக்கும் பாப்பா பாத்துக்கினே வருவா" என்று சொல்லிக்கொண்டே போனாய். கடல் என்று நீ சொன்னபோதுதான் அது உங்கள் ஆக்லாந்து பக்கத்தில் இருக்கிற வேறொரு கோரமண்டல், அந்தத் தேம்ஸும் அங்கேயே ஒரு ஊர் என்று எனக்குப் புரிந்தது. இங்கே எங்கேடி கடல்? நம்ம கோரமண்டலில் மழை பெய்தால் சுரங்கத்துக் கழிவு கொட்டிவைத்த சயனைடு மேட்டு ஓரத்தில் கலங்கல் தண்ணீர் நிற்கும், அதுதான் நமக்குத் தெரிந்த அலை. நான் சமாளித்துக்கொண்டு, "ஆமா ஆமா, நல்லா போய்ட்டு வாங்க" என்று சிரித்தேன். உனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. போனை வைத்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தேன், அவர் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அழுதேன், மறைக்கவில்லை. ரூம் இன்னும் பாதிதான் வெள்ளையாக இருக்கிறது, பாதி அழுக்காகவே நிற்கிறது. ஆட்டுக்குட்டி வேஷத்தை எதிர் லைன் வீட்டுப் பிள்ளை ஸ்வீட்டிக்குக் கொடுத்துவிட்டேன், அவள் குண்டு, பஞ்சு எல்லாம் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது, இருந்தாலும் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு திரிகிறாள்.

இதைக் கேட்டு நீ அங்கே உட்கார்ந்து அழாதே, உன் தப்பு ஒன்றுமில்லை. அப்பா ரெண்டு நாள் அந்த ரூம் பக்கமே போகவில்லை. அப்புறம் போனை எடுத்து அந்தக் கோரமண்டலைத் தேட ஆரம்பித்தவர்தான், இன்னும் நிறுத்தவில்லை. முதலில் ஒரே கோபம், "நம்ம ஊரு பேர எவன்டா அவனுக்கு குடுத்தது?" என்று வீட்டுக்குள்ளேயே கத்தினார். பிறகு அவரே கண்டுபிடித்துச் சொன்னார், நம் சென்னை பக்கத்துக் கடற்கரைக்கு அந்தக் காலத்தில் அந்தப் பெயராம், அந்தப் பெயர் வைத்த கப்பல் ஒன்று அங்கே போய் நின்றதாம், அதனால் அந்த ஊருக்கும் அதே பெயராம். "ஆக ரெண்டு ஊருக்கும் கடலோட பேரு, அவனுக்கு மட்டும் கடல் கீது, நமக்கு பேரு மட்டும் கீது, இது இன்னா நியாயம்?" என்றார். நம் ஊர் மாதிரி அங்கேயும் தங்கச் சுரங்கம் இருந்தது என்று படித்த பிறகுதான் கோபம் இறங்கிக் கவலை ஏறியது. இப்போது அப்பா எனக்கு மேல் பயப்படுகிறார், ஆனால் தான் பயப்படுவதாகச் சொல்லாமல் எல்லாவற்றையும் என்னை எழுதச் சொல்கிறார், நானும் எழுதுகிறேன்.

அந்த ரோட்டை யூடியூபில் ரெண்டு பேரும் பார்த்தோம் பியூலா. யாரோ காருக்குள் கேமராவை வைத்து ஓட்டிக்கொண்டே போகிறான். நம் லைன் வீட்டுச் சந்து அகலம்தான் இருக்கிறது ரோடு, ஒரு பக்கம் மலை தலைக்கு மேல் நிற்கிறது, மறுபக்கம் காரை விட்டுக் காலை வைத்தால் கடல். பல இடத்தில் கட்டைச் சுவர்கூட இல்லை. வளைவுக்கு மேல் வளைவு, எதிரே லாரி வருகிறது, எனக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தலை சுற்றியது. நம் ஊர் மாதிரி இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். மழை வந்தால் மலை சரிந்து ரோட்டை மூடுமாம், அப்பா சொல்கிறார், "மழ பெய்யும்போது கூட பயமில்ல, நின்ன மறுநாள் தான் மண்ணு நவுரும், அன்னிக்கு கிளம்ப வேணான்னு சொல்லு." மாப்பிள்ளையை டபுள் ஷிப்ட் ஓட்ட விடாதே, அவர் நல்ல மனுஷன், தூக்கம் வந்தாலும் வாயைத் திறந்து சொல்லமாட்டார், நீதான் பார்த்து வண்டியை ஓரங்கட்டச் சொல்லவேண்டும். எத்தனை ஊர் பார்த்தோம் என்று யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

பிள்ளையை அந்தக் கார் நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டுவதைப் பார்த்து முதலில் நான் உன்னைத் திட்டினேன், குழந்தையைச் சாக்குமூட்டை மாதிரி கட்டுகிறாயே என்றேன், நினைவிருக்கிறதா? இப்போது சொல்கிறேன், அழுதால் அழட்டும், தொண்டை வறள அழட்டும், வண்டி ஓடும்போது எடுத்து மடியில் மட்டும் வைத்துக்கொள்ளாதே. உனக்கு மனசு இளகும், எனக்குத் தெரியும், நீ என் மகள். வளைவு ரோட்டில் அவள் வாந்தி எடுப்பாள், அது உன் வழியில் வந்த சொத்து, பங்காருபேட்டை பஸ்ஸில் நீ எடுக்காத நாள் உண்டா? கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்காதே, இட்லி ஒன்று, இல்லையென்றால் வாழைப்பழம், கையில் பொரி கொடு, மெல்ல மெல்லக் கொறிக்கட்டும். மாற்றுக் கவுனைப் பெட்டிக்கு அடியில் வைக்காதே, கைக்கு எட்டுகிற இடத்தில் வை. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், அங்கே இப்போது கோடைகாலமாமே, அதை நம்பாதே. தொப்பி போட்டால் பிடுங்கி எறிவாள், மறுபடி போடு, மறுபடி எறிவாள், மறுபடி போடு.

இப்போது தண்ணீர் விஷயம். அங்கே ஒரு கடற்கரையில் மணலைத் தோண்டினால் சுடுதண்ணீர் ஊறுமாம், எல்லாரும் குழி தோண்டி உட்காருகிறார்களாம், நீ வேறு ஆசையாகச் சொன்னாய். அப்பாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. "நாங்க பாதாளத்துக்கு எறங்கினப்ப தான் அந்த சூட்ட பாத்தோம், அங்க முழங்கால் பள்ளத்துலயே வருதுன்னா அது இன்னா பூமி?" என்கிறார். முதலில் நீ கையை வைத்துப் பார், பிறகு மாப்பிள்ளை காலை வைக்கட்டும், பிள்ளை கடைசி. அந்த இடத்தில் அலை உள்ளே இழுக்கும் என்றும் போட்டிருக்கிறது. ஜூடித் தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி ஓடுகிறவள், குளியலறை வாளிக்கே தலைகுப்புற விழப் பார்த்தவள். நீ மூன்று வயசில் வேளாங்கண்ணியில் முதல்முதலாகக் கடலைப் பார்த்தாய், அலை திரும்பும்போது காலுக்கடியில் மண் போய்விட்டது என்று அலறினாய், ஒரு செருப்பையும் கடல் கொண்டுபோனது. உன் கவுனைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த என் விரல் அன்றைக்கெல்லாம் நீட்ட வரவில்லை. அதேபோல் நீயும் பிடித்துக்கொள். போட்டோ எடுக்கும் நேரத்தில்தான் கை விடும், போட்டோவே வேண்டாம் எனக்கு. காட்டுக்குள் நடக்கப் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், மூடின சுரங்கம் இருக்கிற இடத்தில் புதருக்குள் பழைய ஷாப்ட் குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், இது உனக்குத் தெரியாததா, நம் ஊரில் எத்தனை ஆடு மாடு விழுந்திருக்கிறது. வெள்ளையாக, பவுடர் மாதிரி மண்மேடு எங்கேயாவது கண்டால் பிள்ளையை அதில் விளையாட விடாதே, அங்கேயும் சயனைடு போட்டார்களோ என்னவோ யார் கண்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் "அம்மாவுக்கு வேற வேலையில்லை" என்று நீ சிரிக்கலாம், சிரி. போகாதே என்று எழுதத்தான் பேனா முனை வரைக்கும் வருகிறது, ஆனால் எழுதமாட்டேன், வருஷம் பூரா வேலை வேலை என்று ஓடுகிறவர்கள், நாலு நாள் காற்று வாங்கினால் தப்பா? என் பயம் எதனால் என்று நேற்று ரசத்துக்குப் புளி கரைக்கும்போது எனக்கே தெரிந்தது. நான் வளர்த்த பிள்ளை நீ, நீ விழுந்தால் எப்படி விழுவாய், எப்படி எழுந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஜூடித்தை நான் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. அவள் என்ன கனம் என்று என் இடுப்புக்குத் தெரியாது. வீடியோவில் அவள் கையை ஆட்டி "தாத்தா, வா, வா" என்று கூப்பிடும்போதெல்லாம் அப்பா சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டு போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போவாரே, சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அவரால் அங்கே வரமுடியாது, அவரை விட்டு என்னாலும் வரமுடியாது. தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற பயம், அவளுக்கும் சரி, அவருக்கும் சரி. அதைத்தான் இட்லி, தொப்பி, வாந்தி என்று சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று எனக்காகச் செய். அப்பா சுரங்கத்துக்குப் போன காலத்தில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் இந்த லைனில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்பது ஒரே கேள்விதான், "மேல வந்துட்டாரா?" ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டு மேலே வந்து ஆள் வெளிச்சத்தில் நின்றான் என்று சேதி கிடைத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கும். நீ சின்னப் பெண்ணாக வாசலில் நின்று அதையே தெருவுக்கெல்லாம் கத்துவாய், "அப்பா மேல வந்துட்டாரு!" என்று. இப்போது நீ எங்களுக்கு அப்படிக் கத்தவேண்டும். ஒவ்வொரு ஊரில் இறங்கியதும் போட்டோ வேண்டாம், வீடியோ வேண்டாம், "மேல வந்துட்டோம்" என்று ரெண்டு வார்த்தை போடு. மலைக்குள் சிக்னல் கிடைக்காத இடம் இருக்கும் என்றால் அதை முன்னாலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் அப்பா மூச்சு வாங்க வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு, ஜூடித்துக்கு நெற்றியில் ஒன்று, ரெண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, அப்பா கணக்கில் உள்ளங்காலில் ஒன்று. போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் ஆண்டவர் உங்கள் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பாராக, உங்கள் கையை விட்டுப் பிள்ளையின் கை நழுவாமல் காப்பாராக. வருகிற கிறிஸ்மஸும் புதுவருஷமும் உங்கள் வீட்டில் சிரிப்போடு நிறையட்டும்.

மறக்காமல் ஒன்று. பின்வாசல் குட்டிக் கதவை அப்பா இன்னும் கழற்றவில்லை. துணி எடுத்துக்கொண்டு போகும்போது தினமும் நான் அதில் இடித்துக்கொள்கிறேன், வெங்கடம்மா நேற்று தடுக்கி விழப்பார்த்தாள். கழற்றுங்கள் என்றால், "இருக்கட்டுமே, அது உன்ன இன்னா சோறு கேக்குது?" என்கிறார். கதவு அவள் கழுத்து மட்டத்துக்குத்தான் இருக்கிறது பியூலா, பிள்ளைகள் வளர்கிற வேகம் உனக்கே தெரியும். அவள் காலைத் தூக்கி அதைத் தாண்டும் உயரம் ஆவதற்குள் ஒருநாள் எனக்குப் போன் பண்ணு, கோரமண்டல் என்று சொல்லு, ஆனால் "போறோம்" என்று சொல்லாதே, "வரோம்" என்று சொல்லு.

கடல் இல்லாத கோரமண்டலிலிருந்து,
உன் அம்மா,
லூயிசா ஜெயகரன்